உறையின் மேல் ஒரு முகம்

புது டில்லி:

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு லோதி காலனிப் பக்கம் போகிறவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடைப்பட்ட தெரு. பனிமூட்டம் இன்னும் முழுவதும் விலகியிராது. மதர் டெய்ரி பாலை வாங்கிக்கொண்டு, குரங்குக் குல்லாயும் மப்ளருமாக ஓய்வு பெற்ற பெரியவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். சுவர் முழுக்கப் பெரிய வண்ணச் சித்திரம். அதன் முன்னால் தொளதொளவென்று மேல்சட்டையும் கழுத்தில் சங்கிலியும் அணிந்த இளைஞர் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு, யார் மீதோ கோபம் போல நிற்பார். அவர் காலடியில் இன்னொரு இளைஞர் தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பார்.

மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரோ என்று பதற வேண்டாம். படுத்திருப்பவர் புகைப்படக்காரர். நிற்பவர் 'ராப்' பாடகர். விரைவில் வெளிவரப்போகும் பாட்டுத் தொகுப்பின் முகப்புக்காகப் படம் எடுக்கிறார்கள்.

லோதி காலனி 1940களில் வெள்ளைக்கார சர்க்கார் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. மத்திய அரசு அலுவலகங்களில் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வாழ்ந்திருக்கின்றன. வளைவு வாசல்கள் கொண்ட அதே மஞ்சள் சுவர்களில்தான் 2015க்குப் பிறகு 'ஸ்டார்ட் இந்தியா' என்ற அமைப்பு உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களை அழைத்து வந்து ஐம்பதுக்கு மேற்பட்ட பெரிய சித்திரங்களைத் தீட்டச் செய்தது. தாத்தா துணி உலர்த்திய சுவரின் முன்னால் இன்று பேரன் வயதுப் பிள்ளைகள் படத்துக்கு நிற்கிறார்கள்.

இந்தப் படம் எடுக்கும் தொழிலுக்கு நீண்ட கதை உண்டு. அந்தக் கதையில் டில்லிக்கும் பங்கு உண்டு; தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

பழுப்புக் காகிதமும் சதுரப் படமும்

ஆதியில் இசைத்தட்டுக்கு முகம் கிடையாது. பழுப்புக் காகித உறை. நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியே தட்டின் ஒட்டுச் சீட்டில் இருக்கும் பெயரைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் ஓவியர், 1930களின் இறுதியில், உறையின் மேல் படம் போட்டு விற்றால் என்ன என்று கேட்டார். படம் போட்டார்கள். விற்பனை கூடிற்று. 1948ல் அதே கம்பெனி 12 அங்குல 'லாங் பிளே' தட்டை வெளியிட்ட பிறகு, ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் சதுர அட்டை ஒன்று படக்காரர்களின் கைக்கு வந்தது. சுவரில் மாட்டி வைக்கும் அளவு!

அந்தச் சதுரத்துக்கு வாகான காமிராவும் அப்போது புழக்கத்தில் இருந்தது. ரோலிஃப்ளெக்ஸ், ஹாஸல்பிளாட், நம் ஊர் ஸ்டூடியோக்களில் யாஷிகா. 120 ரகப் பிலிமில் 6க்கு 6 சென்டிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் விழும். எடுத்த படத்தை ஒரு மயிரிழைகூட வெட்டாமல் அப்படியே உறையில் ஏற்றலாம். பின்னால் பிரபலமான 35 எம்.எம். காமிராவின் படமோ 24க்கு 36 மில்லிமீட்டர் நீள்சதுரம். அதைச் சதுரமாக்க வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிய வேண்டும். பக்கவாத்தியக்காரர் பலருடைய முகம் உறையில் இல்லாமற் போனதற்கு இந்தக் கத்திரியும் ஒரு காரணம் என்றால் தவறில்லை.

அமெரிக்க ஜாஸ் இசைக்கு 'புளூ நோட்' என்ற கம்பெனி ஒரு வழியைக் காட்டிற்று. அதன் பங்குதாரர்களில் ஒருவரான பிரான்சிஸ் உல்ஃப், ஒலிப்பதிவு நடக்கும்போதே வாசிப்பவர்களைப் படம் எடுத்தார். ரீட் மைல்ஸ் அவற்றை வெட்டி ஒட்டி எழுத்துக்களோடு உறையாக்கினார். கருப்பின இசைக்கலைஞர் ஒருவரின் வியர்வை வழியும் முகம் கடை வாசலில் கம்பீரமாகத் தொங்கியது. அது சாதாரண விஷயமல்ல.

சபா மேடையின் ஓரத்தில்

தலைநகரில் இந்தத் தொழிலைக் கலையாக்கியவர்களில் அவினாஷ் பஸ்ரிச்சாவை முதலில் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு ஜனபத்தில் 'டெல்லி போட்டோ கம்பெனி' என்ற ஸ்டூடியோ. அவர் அமெரிக்கத் தூதரகத்தின் 'ஸ்பான்' பத்திரிகையில் பல ஆண்டுகள் புகைப்பட ஆசிரியராக இருந்தார். மாலை வேளைகளில் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டி ஹவுஸ் பக்கம் கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் போய்விடுவார். இந்துஸ்தானி, கர்நாடகம் என்ற பேதமில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் டில்லி மேடைகளில் ஏறிய பெரிய கலைஞர்களில் அவர் காமிராவில் சிக்காதவர்கள் குறைவு. சுனில் கோத்தாரி எழுதிய ஒடிசி (1990), குச்சிப்புடி (2001) பற்றிய நூல்களில் இருப்பவை பஸ்ரிச்சாவின் படங்களே.

இன்னொருவர் ரகு ராய். 1966ல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் சேர்ந்தவர். பிரெஞ்சு மேதை கார்த்தியே-பிரஸோனின் பரிந்துரையால் 1977ல் 'மாக்னம்' என்ற உலகப் புகழ் பெற்ற புகைப்படக்காரர் அமைப்பில் இடம் பெற்றார். சங்கீத வித்துவான்களை அவர்கள் வீட்டுக்கே சென்று, சாதகம் செய்யும்போதும் பூஜை செய்யும்போதும் பேரப்பிள்ளைகளோடு விளையாடும்போதும் எடுத்த படங்கள் தனி நூலாகவே வந்திருக்கின்றன.

கச்சேரியில் படம் எடுப்பது லேசான வேலையல்ல. பளிச்சென்று 'ஃபிளாஷ்' அடித்தால் பாடுகிறவருக்குக் கண் கூசும். முன்வரிசை ரசிகருக்குக் கோபம் வரும். ஆகவே கிடைக்கிற மேடை வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும். 400 வேகப் பிலிமை 1600 என்று பாவித்து எடுத்து, இருட்டறையில் கூடுதல் நேரம் கழுவி ஈடு கட்டுவார்கள். படத்தில் பொடி மணல் தூவினாற்போல் புள்ளிகள் விழும். அதுவும் ஓர் அழகுதான். காமிராவின் 'கிளிக்' சத்தம் வேறு. ஆலாபனையின் நடுவே அதைக் கேட்டால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது எத்தனை முறை தட்டினாலும் ஒருவருக்கும் கேளாது! அனுபவஸ்தர்கள் அதுவரை கைகட்டிக் காத்திருப்பார்கள்.

இத்தனை பாடுபட்டு எடுத்த படம் உறையில் வரும்போது, எடுத்தவர் பெயர் பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும். பல உறைகளில் அதுவும் இருக்காது. ஜாமா மசூதி மீனா பஜாரிலும் சாந்தினி சௌக்கிலும் பழைய இசைத்தட்டுகளைப் புரட்டுகிறவர்கள் இதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

பிராங்ஸிலிருந்து வந்த பாட்டு

இனி 'ஹிப் ஹாப்' கதைக்கு வருவோம். நியூயார்க் நகரில் ஏழைகள் மிகுந்த பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டிடத்தில், 1973 ஆகஸ்ட் 11 அன்று கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றி நடத்திய விருந்தைத்தான் இதன் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். தாளத்தின் மேல் பேச்சை அடுக்குவது 'ராப்'. நம் வில்லுப்பாட்டையும் லாவணியையும் கேட்டவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது.

இந்தப் பாட்டுக்காரர்களிடம் பெரிய வாத்தியங்களோ அரங்கமோ இல்லை. தெருதான் மேடை. ஆகவே உறைப் படத்திலும் தெருவே வந்தது. 1980களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துக் காம்ப்டனிலிருந்து வந்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் முதல் தொகுப்பு உறையைப் பாருங்கள். ஆறு பேர் வட்டமாகக் குனிந்து நம்மைப் பார்க்கிறார்கள். ஒருவர் கையில் துப்பாக்கி. புகைப்படக்காரர் எரிக் பாப்பிள்டன் தரையில் கிடந்து எடுத்த படம் அது. அந்த உறையைக் கையில் எடுப்பவர் தாமே தெருவில் விழுந்து கிடப்பதாக உணர்வார். லோதி காலனியில் படுத்திருக்கும் நம் இளைஞர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பது இப்போது புரிந்திருக்கும்.

அதே காலத்தில் 'பப்ளிக் எனிமி' குழுவைச் சிறைக் கம்பிக்குள் நிறுத்தி எடுத்தார் கிளென் ஃப்ரீட்மன். 1994ல் வந்த 'நாஸ்' என்பவரின் முதல் தொகுப்பில் பாடகரின் இன்றைய முகமே இல்லை. ஏழு வயதில் அவருடைய தந்தை, ஜாஸ் கலைஞர் ஓலு டாரா எடுத்த படத்தை, அவர் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்புத் தெருவின் படத்தோடு கலந்து அச்சிட்டார்கள். தெருப் படத்தை எடுத்தவர் டானி கிளிஞ்ச். 'இந்தத் தெருதான் இந்தப் பிள்ளையை ஆளாக்கியது' என்று ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்ட உறை அது.

1998 செப்டம்பர் 29 அன்று ஹார்லத்தில், கிழக்கு 126ஆம் தெரு 17ஆம் எண் வீட்டு வாசலில் 177 ஹிப் ஹாப் கலைஞர்கள் ஒன்று கூடினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே வாசலில் 57 ஜாஸ் கலைஞர்களை ஆர்ட் கேன் படம் எடுத்திருந்தார். அதன் நினைவாக இந்தப் புதிய படத்தை எடுத்தவர் கார்டன் பார்க்ஸ். அப்போது அவருக்கு வயது 85. தள்ளாத வயதில் தெருவில் நின்று 177 பேரையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கினார், ஒருவரையும் வெட்டவில்லை.

சதுரம் சுருங்கிய கதை

இதற்குள் உறை சிறுத்துக்கொண்டே வந்தது. எல்.பி. உறை சுமார் 960 சதுர சென்டிமீட்டர். 1980களில் பாலிகா பஜாரிலும் லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் குவிந்து கிடந்த காஸெட்டின் முகப்புச் சீட்டு 65 சதுர சென்டிமீட்டர்தான். பின்னர் வந்த சி.டி. உறை 144. இன்று கைபேசியில் பாட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் தெரியும் படம் கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிது.

தொழிலின் சூட்சுமமும் இதனால் மாறிற்று. எல்.பி. காலத்தில் தம்பூராவின் தந்தியும் ஜரிகைக் கரையும்கூடத் தெரியும். நகத்தளவு படத்தில் அவையெல்லாம் வெறும் அழுக்காகிவிடும். ஒரே முகம், ஒரே நிறம், பின்னால் வெறுமை என்று எடுத்தால்தான் விரல் நின்று தொடும். வேடிக்கை என்னவென்றால், இன்றும் முகப்புப் படம் சதுரம்தான். பொதுவாக 3000க்கு 3000 புள்ளிகள் என்ற அளவில் தயாரித்துக் கொடுக்கிறார்கள். எடுப்பது அத்தனை பெரிது. பார்ப்பது இத்தனை சிறிது!

எறும்பு எழுத்தும் போயிற்று. பின்பக்கம் என்று ஒன்றிருந்தால்தானே அச்சிட முடியும்? பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைக் காட்டும் கைபேசிச் செயலிகளில் படம் எடுத்தவருக்குப் பெரும்பாலும் இடம் கிடையாது.

டில்லியின் ராப்

இந்தியாவில் ராப் தொகுப்பு பெரிய அளவில் விற்றது 1992ல் பாபா சைகலின் 'தண்டா தண்டா பானி' வந்தபோது. தமிழர்களுக்கு 1994ல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' அறிமுகமாயிற்று. 2006ல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்', 2012ல் ஹிப் ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்' என்று தொடர்ந்தது.

டில்லியில் புதிய அலை எழுந்தது 2017ல். மேற்கு டில்லி திலக் நகரைச் சேர்ந்த சீக்கிய இளைஞர் பிரப் தீப், 'கிளாஸ்-சிக்' என்ற தொகுப்பை வெளியிட்டார். இசை அமைத்தவர் 'செஸ் ஆன் தி பீட்'. வெளியிட்டது அதே ஆண்டில் இங்கே தொடங்கப்பட்ட 'ஆசாதி ரெக்கார்ட்ஸ்'. திலக் நகர் பஞ்சாபி அகதிகள் வாழ்ந்து வளர்த்த பகுதி. 1984 கலவரத்தில் கணவரை இழந்த சீக்கியப் பெண்களுக்கு வீடு ஒதுக்கப்பட்ட காலனியும் இங்கேதான். அந்தத் தெருக்களின் போதைப் பழக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் அவர் பாடினார். மறு ஆண்டு 'சீதே மௌத்' என்ற இரட்டையர் 'பயான்' தொகுப்போடு வந்தார்கள். 2019ல் மும்பைக் குப்பத்து ராப் பாடகனைப் பற்றிய 'கல்லி பாய்' படம் ஓடியபின், ஒவ்வொரு காலனியிலும் ஒரு பாடகரும் அவருக்கு ஒரு புகைப்படக்காரரும் முளைத்துவிட்டார்கள்.

இவர்களிடம் ஸ்டூடியோ வாடகைக்குப் பணம் ஏது? சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரி கடைகளில் வாங்கிய பழைய காமிரா, மொட்டை மாடி, மேம்பாலத்து அடிவாரம், யமுனைக் கரை, சுவர்ச் சித்திரம் இவைதான் மூலதனம். நவம்பர் புகைமூட்டம் மூச்சை அடைத்தாலும், வெளிச்சத்தைச் சல்லடையில் சலித்தாற்போல் கொடுக்கிறது. ஆனால் எங்கும் நினைத்தபடி நிற்க முடியாது. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் முக்காலி நிறுத்தி எடுக்க முன் அனுமதி வேண்டும். மெட்ரோவிலும் ரயில் நிலையங்களிலும் வியாபார நோக்கில் படம் எடுக்க அனுமதியும் கட்டணமும் உண்டு. பிளாட்பாரத்து மூலையில் ரகசியமாக எடுத்துவிடலாம் என்று வந்து, பாதுகாப்புப் படையினரிடம் மாட்டிக்கொண்டு விழிக்காமல், மனு எழுதிக் கொடுப்பதே உத்தமம்.

விடுபட்ட முகம்

படம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் 2021ல் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச் மாதம் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு வெளிவந்து உலகமெங்கும் ஒலித்தது. எழுதியவர் அறிவு, அவரும் தீயும் சேர்ந்து பாடினார்கள். நிலமற்ற தோட்டத் தொழிலாளியாக வாழ்ந்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடியத் தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் இதைப் பகிரங்கமாகக் கேட்டார். எங்கும் விவாதம் கிளம்பியது. பிறகு அறிவின் படத்தோடு வேறோர் அட்டையை அந்த இதழ் இணையத்தில் வெளியிட்டது.

பாட்டு ஊரெல்லாம் கேட்டது. ஆனாலும் முகம் விடுபட்டபோது வலித்தது. பார்க்கப்படாமலேயே பல தலைமுறைகள் உழைத்துப் போன குடும்பத்திலிருந்து வந்தவருக்கு அட்டைப் படம் வெறும் விளம்பரமல்ல. பிராங்ஸ் பிள்ளைகளும் திலக் நகர்ப் பிள்ளைகளும் காமிராவை அப்படி முறைத்துப் பார்ப்பதன் பொருளும் இதுதான்: 'நாங்கள் இங்கே இருக்கிறோம்.'

யாருக்குச் சொந்தம்?

முகம் விடுபடுவது ஒரு பக்கம். எடுத்தவர் விடுபடுவது மறுபக்கம். 1996ல் ஜே-இசட் என்ற பாடகரின் முதல் தொகுப்புக்குக் கறுப்பு வெள்ளையில் உறைப் படம் எடுத்தவர் ஜானதன் மேனியன். கால் நூற்றாண்டு கழித்து, 2021ல், தம் பெயரையும் படத்தையும் வைத்து மேனியன் பிரதிகள் விற்கிறார் என்று அதே பாடகர் லாஸ் ஏஞ்சலீஸில் வழக்குத் தொடுத்தார். முகம் அவருடையது, படம் இவருடையது. உறவாகத் தொடங்கியது நீதிமன்றப் படி ஏறிற்று.

நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணமோ வேறு பயனோ கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பிரதிபலன் எதுவும் பெறாமல் சொந்தமாக எடுத்த படமென்றால் உரிமை எடுத்தவருடையது. உரிமையைக் கொடுத்துவிட்டாலும், 'இது நான் எடுத்த படம்' என்று கோரும் உரிமை 57வது பிரிவின்படி எடுத்தவரை விட்டுப் போவதில்லை. முன்பு புகைப்படத்துக்குப் பாதுகாப்பு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். 2012ல் செய்த திருத்தத்தால் மற்ற கலைகளைப் போலவே எடுத்தவரின் ஆயுளும் அதற்கப்பால் 60 ஆண்டுகளும் என்று ஆயிற்று.

சிநேகிதனுக்கு எடுத்துக் கொடுத்த படம்தானே என்று ஒருவரும் காகிதத்தில் எழுதிக்கொள்வதில்லை. பாட்டு ஓடாதவரை தகராறு இல்லை. ஓடிவிட்டாலோ சிநேகிதம் போய்விடுகிறது. எதற்காக எடுத்தது, எங்கெங்கே பயன்படுத்தலாம், எவ்வளவு பணம், பெயர் எங்கே வரும் என்று நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். மூலப் படங்களைப் பத்திரமாக இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வதும் அவசியம்.

கரோல்பாகிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ மயூர் விஹாரிலோ உள்ள ஒரு தமிழ் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தாளத்துக்குப் பேசிப் பழகும் பிள்ளை ஒன்று இருக்கலாம். காமிராவோடு அலையும் பிள்ளையும் இருக்கலாம். படிப்பைக் கெடுத்துக்கொள்கிறானே என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பு. என்றாலும் அடுத்த முறை அவன் கைபேசியில் ஒரு பாட்டைக் காட்டினால், அந்தச் சிறு சதுரத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, 'படம் யார் எடுத்தது?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பின்பக்கம் இல்லாத உறையில், அந்தக் கேள்வி ஒன்றுதான் எடுத்தவன் பெயர் அச்சாகும் இடம்.